மணி அடித்த பிறகே கதவு

அன்று சோதனைக் கூடத்தில் நான்கு பேர் இருந்தோம்: நான், என் மகள், அவளைக் கட்டிய மாப்பிள்ளை, எங்கள் கருவியை வாங்க வந்திருந்த அதிகாரி. தேநீர் கொண்டு வந்தவரைச் சேர்க்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

நச்சு ஆவி கசிந்தால் மோப்பம் பிடித்து மணி அடிக்கும் மின்னணுக் கருவி செய்வது எங்கள் குடும்பத் தொழில். கருவியை உள்ளே மாட்டிச் சோதிக்கக் கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறை உண்டு. வெளியிலிருந்து குழாயைத் திருகினால் உள்ளே ஆவி பரவும். மணி அடித்த பிறகே கதவைத் திறக்க வேண்டும் என்பது என் அப்பா வைத்த விதி. விருந்தாளி வருகிறார் என்றால் அந்த அறையை வாசனை ஸ்பிரிட் ஊற்றி நானே துடைப்பேன். சுத்தம் சோறு போடும் என்று வளர்ந்தவன்.

மாப்பிள்ளை நிறையப் படித்தவர். எதை யார் எதிரில் பேச வேண்டும் என்பதை மட்டும் பாடத்தில் வைக்கவில்லை போலும். கருவியைப் பார்க்க உள்ளே போனவர் அதிகாரியின் காதுபடச் சொன்னார்:

“மாமா, ஸ்பிரிட் போடாதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். இதோட மூக்கு மரத்துப்போச்சு. இப்ப விஷத்தையே காட்டினாலும் தூங்கும்.”

அதிகாரி சிரித்தார். மூன்று தலைமுறை மானம் கப்பலேறியது.

“நம்ம கருவி தூங்காது மாப்ளே. உள்ளேயே நில்லுங்க, உங்களுக்கே தெரியும்,” என்று கதவைச் சாத்திக் குழாயைத் திருகினேன்.

விளையாட்டு என்று நினைத்து அவரும் சிரித்தார். பிறகு கண்ணாடியைத் தட்டினார். அவ்வளவு படித்தவர் அப்படியா தட்டுவார்?

“அப்பா, கதவைத் திறங்கப்பா. அவருக்கு மூச்சு முட்டுது,” என்று மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“மணி அடிக்கட்டும்மா.”

மணிக்கு முன்னால் திறந்தால், கருவி செத்தது என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகும். குடும்பத்துக்குப் பெரியவன் அதைச் செய்யலாமா? மாப்பிள்ளையும் குடும்பத்தில் ஒருவர்தானே, கொஞ்சம் பொறுத்திருக்கலாம். அதிகாரி ஆள் கூப்பிட வெளியே ஓடினார். தேநீரைத் தொடக்கூட இல்லை.

மாப்பிள்ளை சரிந்து விழுந்தார். பிறகு அசையவில்லை. மணி அடிக்கவே இல்லை. கருவி விஷயத்தில் அவர் சொன்னது சரி என்பதைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்கிறேன். மகள் இப்போது என் முகத்தில் விழிப்பதில்லை. கோபம் தணிந்தால் யார் மானத்துக்காகச் செய்தேன் என்று அவளுக்கே புரியும்.

நான் கதவைப் பூட்டி அவரைக் கொன்றேன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது. நான் அதில் சாய்ந்து நின்றேன், அவ்வளவுதான்.