உறை பிரிக்காத கண்ணாடி

பொலித்தீன் உறையைப் பல்லால் கடித்துத்தான் கிழிக்கவேண்டியிருந்தது. புதுச் சாமான்களை ஏன் இவ்வளவு இறுக்கி ஒட்டுகிறார்களோ தெரியவில்லை. பின்பக்கக் கொட்டிலில் கிருஷாந் அண்ணை முகத்தைப் பொத்திக்கொண்டு, "தண்ணி, தங்கச்சி, தண்ணி" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அவர் எங்கள் கடையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறார். மானிப்பாயில் அப்பா நடத்துவது வாகனப் பற்றறிக் கடை. பிளாஸ்டிக் கானில் வரும் சல்பூரிக்கமிலத்தைத் தண்ணீரில் கலந்து பற்றறிகளுக்கு விடுவது அண்ணையின் வேலை. நான் உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படிக்கிறேன். நீர்வேலி வாழைக்குப் போடும் உரத்திலிருந்து துணிச் சாயம் வரை இந்த அமிலம் இல்லாமல் ஆகாது என்று எங்கள் ரீச்சர் சொல்வார். அதனால் அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. கொட்டில் சுவரில் இருக்கும் பாதுகாப்புப் பலகையை எழுதியதும் நான்தான். அமிலத்தைத்தான் தண்ணீருக்குள் மெதுவாக விடவேண்டும், தண்ணீரை அமிலத்துக்குள் விடக்கூடாது. கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவவேண்டும். 'உடனே' என்பதைச் சிவப்பு மையில் எழுதினேன். வேலைத்தலம் பார்க்க வந்த அதிகாரி அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் சொன்னபடிதான் அப்பா பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் வாங்கினார். எங்கள் வீட்டில் உட்காரும் செற்றியின் உறையே நாலு வருடமாகப் பிரிக்கப்படவில்லை. ரிமோட்டும் உறைக்குள்தான். கண்ணாடியும் அப்படியே அலுமாரிக்குள் போனது. அதைப் பூட்டும் திறப்பு என்னிடம் இருந்தது. அதிகாரி அடுத்த முறை வரும்போது எல்லாம் புதிதாகவே இருக்கவேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். எனக்கும் அது சரியாகவே பட்டது.

வெள்ளிக்கிழமை காலை அண்ணை கண்ணாடியைக் கேட்டார். கானின் கைப்பிடி வெடித்திருக்கிறதாம்.

"திங்கக்கிழமை பாக்க வருவினம் அண்ணை. அதுக்குப் பிறகு போடுங்கோ," என்றேன்.

"அப்ப என்ரை கண்ணையும் திங்கள் வரைக்கும் அந்த அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டும்," என்று சிரித்துக்கொண்டு போனார். நானும் சிரித்தேன்.

பத்து மணிக்குக் கைப்பிடி கழன்றது. கான் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து, அமிலம் அவர் முகத்தில் தெறித்தது. அப்பா சுன்னாகம் போயிருந்தார். தண்ணீர்க் குழாய் நான் நின்ற இடத்திலிருந்து நாலு அடி.

அந்தப் பயத்திலும் ஒன்று எனக்குத் தெளிவாக விளங்கியது. தண்ணீரை எப்படியும் ஊற்றத்தான் போகிறேன். ஆனால் சத்தம் கேட்டு ஆட்கள் வந்துவிட்டால் அலுமாரியைத் திறக்க முடியாது. கண்ணாடி கொடுக்கவில்லை என்று தெரிந்து அதிகாரி கடையை மூடச் சொன்னால் அண்ணைக்கும்தான் வேலை போய்விடும். அவருடைய மகள் இந்த வருடம்தான் முதலாம் வகுப்புக்குப் போகிறாள். எல்லோருடைய நன்மையையும் பார்த்தால், எதை முதலில் செய்வது என்பதில் குழப்பமே இல்லை.

கண்ணாடியைப் பலகைக்குக் கீழே ஆணியில் கொழுவினேன். மிகப் புதிதாகத் தெரிந்ததால் கொஞ்சம் மண் தேய்த்தேன். கிழித்த உறையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். பிறகு குழாயைத் திறந்தேன். மணிக்கூட்டைப் பார்த்தபடி இருபது நிமிடம் ஊற்றினேன். ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னை எல்லோரும் மெச்சினார்கள். தண்ணீர் ஊற்றியபடியால்தான் ஒரு கண் தப்பியதாம். மற்றதில் பார்வை திரும்பாது. நான் காலையிலேயே கண்ணாடியை எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று அப்பா நினைத்துக்கொண்டார், நான் திருத்தவில்லை. அதிகாரி ஆணியில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்துவிட்டு, தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார். ஆணியில் கண்ணாடி தொங்கியதைச் சொல்லி அண்ணையிடமும் விசாரித்திருக்கிறார். போட மறந்துபோனேன் என்று அண்ணை தானே சொல்லியிருக்கிறார்.

அதற்கு நன்றி சொல்லத்தான் இன்று பின்னேரம் தோடம்பழம் வாங்கிக்கொண்டு அண்ணையைப் பார்க்கப் போனேன். என் குரல் கேட்டதும், கட்டுப்போட்ட முகத்தை என் பக்கம் திருப்பினார். அவருடைய மனைவி வெளியே போகும்வரை பொறுத்திருந்தார். பிறகு, கோபமே இல்லாமல், மெல்லமாகத்தான் கேட்டார்.

"அவையளுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை, நீர் பயப்பிடாதையும். எனக்கு மட்டும் ஒண்டைச் சொல்லும் தங்கச்சி. கண்ணாடியை எடுத்தது தண்ணி ஊத்தின பிறகோ, ஊத்த முதலோ?"