வழியில போன ஒருத்தர்

இல்லம்மா, தள்ளி உக்காந்ததுக்கு மன்னிப்பெல்லாம் எதுக்கு. என் குரல் ஒரு மாதிரி, கை வேற இம்மாம் பெருசு. கவுன் போட்டுக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்தா யாருக்கும் திக்குனுதான் இருக்கும். பழகிப்போச்சு. எங்க சமோவாவுல என்ன மாதிரி ஆளுங்கள ஃபாஃபஃபினேன்னு சொல்லுவோம். ஆம்பளையாப் பொறந்து பொம்பளையா வாழுறவங்க. மசினா என் பேரு. உங்க பேரு சொல்ல வேணாம். எல்லியட்டோட அம்மாவத் தெரியாதவங்க சிட்னியில யாரு இருக்கா.

இந்தத் தண்ணியக் குடிங்க. நான் வாய் வைக்கல. கோர்ட்டு வாசப் பக்கம் பாக்காதீங்க, கேமராக்காரங்க அடைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. உங்க பையன அடிச்சுக் கொன்ன ரெண்டு பேரும் குத்தத்த ஒத்துக்கிட்டானுங்களாமே. அப்ப எத்தன வருஷம்னு இன்னிக்கு ஜட்ஜ் சொல்லிருவாரு. அதுக்கு முன்னாடி நீங்க பேசணும் இல்ல? பேசுங்க. குரல் நடுங்கினா நடுங்கட்டும், அவரும் ஒரு அம்மா பெத்த புள்ளதானே.

உங்க பையனுக்காக ஊரே வந்துச்சும்மா. நானும் வந்தேன், பின்னால நின்னேன். பூங்கா முழுக்க மெழுகுவத்தி, அவன மாதிரி ஆம்பளைய நேசிக்கிற பசங்களோட வானவில் கொடி. பெரிய போலீஸ் அதிகாரி மைக்கப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. இனிமே ஒருத்தர் மேலயும் கை விழ விட மாட்டோம்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. நான் தட்டல. குறையாச் சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. அவனுக்கு அதெல்லாம் வேணும். அதுக்கு மேலயும் வேணும்.

யாரு, அந்த ஆளா? ஆமா, பேப்பர்ல போட்டிருந்தாங்க. வழியில போன ஒருத்தர் ஆம்புலன்ஸக் கூப்பிட்டார்னு. நீங்க டிவியில கேட்டதையும் பாத்தேன். யாரா இருந்தாலும் வாங்க, ஒரு தடவ பாக்கணும்னு சொன்னீங்க.

நான்தாம்மா அது.

உக்காருங்க. மெதுவா. அந்தக் காவலாளி ஏற்கெனவே என்னத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறான்.

முதியோர் இல்லத்துல சமையக்கட்டு வேலை எனக்கு. முடிச்சிட்டு பஸ்ஸுக்கு அந்தப் பூங்கா வழியாத்தான் வருவேன். அன்னிக்கும் பொழுது சாயற நேரம். ஒரு வண்டி கிளம்பிப் போற சத்தம் மட்டும் கேட்டுச்சு. பையன் கழிப்பறைச் சுவத்தோரமாக் கெடந்தான். போன் போட்டுட்டு அவன் தலையத் தூக்கி மடியில வெச்சேன். என் கையப் புடிச்சான்மா, நல்லா இறுக்கி. என்ன சொன்னானா? குளுருதுன்னான். ஸ்வெட்டரக் கழட்டிப் போத்திவிட்டேன். அவ்வளவுதான், வேற ஒண்ணும் சொல்லல. உங்களத் தேடினான்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லலாம், ஆனா பொய் சொல்ல மாட்டேன். எங்க பாஷையில எதையோ பாடிக்கிட்டே இருந்தேன். தனியாப் போகலம்மா அவன்.

அழுங்க. பரவால்ல, அழுங்க.

அப்புறம் போலீஸ் வந்துச்சு. என் கையெல்லாம் அவன் ரத்தம். மொதக் கேள்வி என்ன தெரியுமா? நீ இங்க என்ன பண்ற, தொழிலா? என் பையப் பிரிச்சு தரையில கொட்டினாங்க. சாப்பாட்டு டப்பா, லிப்ஸ்டிக், பஸ் கார்டு. வேற என்ன இருக்கும். என் பேரக் கூட எழுதிக்கல, வெறும் வழியில போன ஒருத்தர்னு விட்டுட்டாங்க.

ஏன் நானா முன்னால வரலன்னு கேக்குறீங்களா? நியாயமான கேள்விதான். அந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் உங்க பையன் சாகறதுக்கு முன்னாடியே ஒரு தடவ போயிருக்கேன்மா. மணிக்கட்டுல கட்டோட போனேன். நான் தெனமும் பஸ் ஏறுற அந்த ஸ்டாப்புல ரெண்டு பேரு என்ன இழுத்துப் போட்டு மிதிச்சானுங்க. அவனுங்க வண்டி நம்பரச் சொன்னேன். ஒருத்தன இன்னொருத்தன் பேரு சொல்லிக் கூப்ட்டான், அந்தப் பேரையும் சொன்னேன். மேசையில இருந்தவரு, உன் பேரு என்னன்னாரு. மசினான்னேன். அது இல்ல, உங்கப்பன் வெச்ச பேரச் சொல்லுன்னாரு. பின்னால யாரோ சிரிச்சாங்க. அப்புறம் அவரு பேனாவக் கீழ வெச்சிட்டாரு. இந்த டிரெஸ்ஸப் போட்டுக்கிட்டு அங்க போயி நின்னா வேற என்ன நடக்கும்னு நெனச்ச, வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டாரு. போனேன்.

இப்ப அரசு வக்கீலாபீஸ்ல போயி கேட்டேன். அப்படி ஒரு புகாரே பதிவாகலையாம்.

என்ன மிதிச்சவனுங்களப் புடிச்சாங்களாவா?

ம், புடிச்சாங்க. உங்க பையன் செத்த மறுநாள். இப்ப உள்ளதான் நிக்கிறானுங்க, ரெண்டு பேரும்.

பேரு கூப்டுறாங்கம்மா. எழுந்திருங்க.