முதல் சுற்று ஆள்

எனக்குக் கால்பந்து ஆட வராது, சுனில் சார். சின்ன வயதில்கூட ஆடியதில்லை. தெருப் பிள்ளைகள் அடித்த பந்து எங்கள் முற்றத்தில் வந்து விழுந்தால் எடுத்துத் திரும்பப் போடுவேன், அதுவும் கையால். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என்னைப் பேட்டி காண வந்தவர்கள் எல்லோரும் நான் எந்த இடத்தில் ஆடினேன் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் ஆடவில்லை. ஆளைப் பார்ப்பேன். பார்த்தால் தெரியும்.

நீங்கள் எல்லையோரப் பாறசாலைக்காரர், தமிழ் புரிகிறது என்பதால் தமிழிலேயே சொல்கிறேன். மலையாளம் எனக்குப் பள்ளிக்கூடத்து மொழி. அதில் பேசினால் பணிவு கொஞ்சம் கூடிவிடும். நடந்ததை நடந்தபடி சொல்லப் பணிவு உதவாது.

முப்பது வருடம் ஒரு வங்கியில் ஆளெடுக்கும் பிரிவில் இருந்தேன். கதவைத் திறந்துகொண்டு ஒருவன் உள்ளே வரும் விதத்திலேயே அவன் நிலைப்பானா மாட்டானா என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்ற வருடம் வினய் வீட்டுக்கு வந்தான். எங்கள் கரமனைத் தெருவில் வளர்ந்த பையன். சாஃப்ட்வேர் கம்பெனி வைத்து மேலே வந்து, அப்போதுதான் ஒரு கால்பந்து அணியை வாங்கியிருந்தான். கரமனை ரேஞ்சர்ஸ்.

“நம்பி மாமா, ஆட்டம் சொல்லிக்கொடுக்க கோச் இருக்கார். ஆளை எடுக்கத்தான் ஒருத்தர் வேணும். நீங்க வந்துடுங்கோ” என்றான்.

எங்கள் லீகில் ஆறு அணிகள். சீசனுக்கு முன்னால் புது ஆட்டக்காரர்களை எல்லா அணிகளும் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து முறை வைத்து எடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். முதல் சுற்றில் ஓர் அணி யாரை எடுக்கிறதோ அவன்தான் அந்த வருடம் அணியின் முகம். சுவரொட்டியில் அவன் படம், பேருந்தின் முதுகில் அவன் படம். அவன் சரியாக ஆடினால் அவனுக்குத் திறமை இருக்கிறது என்பார்கள். ஆடாவிட்டால், இவனை எடுத்த முட்டாள் யார் என்று கேட்பார்கள். இந்த அநியாயத்தை ஆரம்பத்திலேயே நான் கவனித்திருக்க வேண்டும்.

முதல் வருடம் எடுத்தது பால்பாண்டியை. போனக்காடு எஸ்டேட் லயத்துப் பையன். தேயிலைச் சரிவில் ஏறி இறங்கி வளர்ந்த கால். தேர்வு ஆட்டத்தில் அவன் பந்தோடு திரும்பியபோது பக்கத்து அணிக்காரர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஆனால் சீசன் தொடங்கி, மைதானம் நிறைந்து, கூட்டம் சத்தம் போட ஆரம்பித்ததும் அவன் வேறு ஆளாகிவிட்டான். பந்து வந்தால் யாருக்காவது தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்வான். கூப்பிட்டுக் கேட்டேன்.

“அத்தன பேரு பாக்காங்க சார். காலு என் காலு மாதிரியே இல்ல” என்றான்.

பெட்டிக்கடையில் நிற்பவர்கள்கூட என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வினய் முன்போல வீட்டுக்கு வருவதில்லை. அந்தச் சமயத்தில், மழை பெய்து ஊறியிருந்த பயிற்சி மைதானத்தில் பால்பாண்டியின் கால் ஒரு குழியில் மாட்டி முழங்கால் திருகிக்கொண்டது. அதில் எனக்குப் பங்கில்லை. தயவுசெய்து இதைப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். அது தானாக நடந்தது.

மறுநாள் பத்திரிகைகள் அவனைப் பற்றி எழுதியதைப் படிக்க வேண்டும், சார். எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனை இழந்தோம் என்று எழுதினார்கள். ஒரு கோல்கூட அடிக்காதவனை. வினய் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். “நம்ம நேரம் மாமா. நீங்க சரியாத்தான் எடுத்தேள்” என்றான். சரியாத்தான் எடுத்தேள். அந்த ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். கால் உடைந்தவனைத் தவறான தேர்வு என்று யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

இரண்டாம் வருடம் ரமீஸ். மஞ்சேரிப் பையன், கோல்கீப்பர். நல்ல உயரம், நல்ல கை, நல்ல சுபாவமும்கூட. ஆனால் பந்து அவன் கைக்கு வந்து வழுக்கிக்கொண்டு போயிற்று. “யாரைக் கேட்டாலும் சிரிக்கறா மாமா. முதல் சுத்துல கோலியை எடுத்த ஒரே டீம் நாமதானாம்” என்றான் வினய்.

பயிற்சி மைதானத்தில் தூக்கி நகர்த்தக்கூடிய இரும்பு கோல் சட்டம் ஒன்று உண்டு. முன்பாரம் அதிகம் என்பதால் பின்னால் மணல் மூட்டைகள் வைத்திருப்பார்கள். ரமீஸுக்குப் பயிற்சி முடிந்ததும் எம்பி மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கும் பழக்கம். ஒரு நாள் சாயங்காலம் நான் மூட்டைகளை எடுத்துச் சுவரோரம் அடுக்கி வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. அவன் எம்பித் தொங்கினான். சட்டம் அவனோடு சேர்ந்து முன்னால் சாய்ந்தது. தலை தப்பித்தது. வலது கையின் மேல் கம்பி விழுந்தது. முறுக்கை ஒடிக்கும்போது வரும் சத்தம்தான். நாலைந்து தடவை, அடுத்தடுத்து. தூக்கிப் பார்த்தபோது விரல்கள் எந்தப் பக்கம் மடங்க வேண்டுமோ அதற்கு நேர் எதிராக மடங்கியிருந்தன; புறங்கையில் எலும்பு வெளியே வந்திருந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் அவனுடைய இடது கையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். என் சட்டையை நனைத்தது முழுக்க அவன் ரத்தம். அவன் என்னைப் பார்த்து “சாரினு புத்திமுட்டாயி” என்றான். எனக்குச் சிரமம் கொடுத்துவிட்டானாம். அப்படிப்பட்ட பையன்.

பிறகு கொஞ்ச நாள் முறுக்கு தின்னப் பிடிக்கவில்லை. அப்புறம் பிடித்துவிட்டது.

மூன்றாம் வருடம் வயநாட்டு நிகேஷ். பிரமாதமாக ஆடினான். சீசன் முடியும் முன்பே கோவா அணி ஒன்று கொத்திக்கொண்டு போயிற்று. என் பெயரை யாராவது சொன்னார்களா என்று பாருங்கள். ஒருவரும் சொல்லவில்லை. அந்த வருடம் பத்திரிகையில் சுப்ரியா என்ற பெண் எங்கள் அணியின் முதல் சுற்று வரலாற்றை எழுதினாள். ஒருவனுக்கு முழங்கால், ஒருவனுக்குக் கை, நன்றாக ஆடியவனும் தங்கவில்லை. இது முதல் சுற்றுச் சாபம் என்று தலைப்பு. சாபம் என்ற சொல் எனக்கு வசதியாக இருந்தது. அதில் தேர்ந்தெடுத்தவனுக்கு வேலையில்லை. ரமீஸ் அவளிடம் மணல் மூட்டைகளைப் பற்றிச் சொன்னதும், அவள் அதை உங்களிடம் சொன்னதும் பிறகு நடந்தவை.

இந்த வருடம் விஜின்.

விழிஞ்ஞத்துப் பையன். அப்பா கடலில் போனவர், திரும்பவில்லை. அம்மா எலிசாள் மீன் விற்கிறாள். தேர்வு ஆட்டம் அன்று நல்ல மழை. பந்து எது, சேறு எது என்று தெரியாத மழை. இடது ஓரத்தில் ஒருவன் நாலு பேரை ஏமாற்றிக்கொண்டு போய் இரண்டு கோல் அடித்தான். முதுகில் இருந்த எண்ணைப் பார்த்தேன். டிராஃப்ட் அன்று அந்த எண்ணுக்குரிய பெயரைச் சொன்னேன். விஜின்.

எலிசாள் மண்டபத்து வாசலில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “எனக்க மோன சாருக்க கையில தந்திருக்கேன் கேட்டியளா. கடலுக்கு மட்டும் விட்டுடாதிங்க” என்றாள். அவளுடைய கையில் மீன் வாசனை. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

விஜின் ஆடவில்லை. பயம் இல்லை, சோம்பல் இல்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் பின்னால் போவான். ஆனால் அந்த மழை நாள் ஆட்டம் அவனிடம் இல்லை. சீசன் பாதி தாண்டியது. வினய் என்னிடம் பேசுவதை நிறுத்தி, கோச்சிடம் பேச ஆரம்பித்தான். நான் முழங்காலைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருந்தேன். ஒரே முழங்கால். பையனுக்கும் அதில் நல்லதுதான். தோற்றவன் என்று ஊருக்குத் திரும்புவதைவிட அடிபட்டவன் என்று திரும்புவது மரியாதை. பால்பாண்டியை இன்றைக்கும் போனக்காட்டில் கொண்டாடுகிறார்கள்.

ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்தின நாள் விஜின் என்னிடம் தனியாகப் பேச வந்தான்.

“சாரே, ஒரு காரியம் பறயணும். அன்னைக்கு மழையில ரெண்டு கோல் அடிச்சது நான் இல்ல. எனக்க கூட்டுகாரன். டிரெஸ் மாத்தும்போ நம்பர் பனியன் மாறிப்போச்சு. சார் எம்பேர விளிச்சப்போ அம்மச்சி கரஞ்சா, சந்தோஷத்துல. அதான் மிண்டாம இருந்துட்டேன்.”

“அந்தப் பையன் இப்போ எங்கே?” என்று கேட்டேன்.

“போர்ட்டுல பணி. அவனுக்கு இப்ப கால்பந்து வேண்டாமாம். ஆனா என்னால இனி பற்றல்ல சாரே. ஒறக்கம் இல்ல. பொங்கல் கழிஞ்சதும் வினய் சாருகிட்ட பறஞ்சிட்டு, பத்திரிகைக்காரங்ககிட்டயும் பறயப் போறேன். தப்பு எனக்கதுன்னு பறஞ்சிடுறேன். சாருக்க தப்பு இல்ல.”

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னான். அது எனக்குப் புரிந்தது. ஆனால் நீங்களே யோசியுங்கள். ஆளைப் பார்த்தால் தெரியும் என்று வாழ்ந்தவன், வேறு ஆளை எடுத்துவிட்டான். மழையில் எண்ணைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை. ஊர் எத்தனை வருடம் சிரிக்கும்?

“சரிடா, நல்லது. நாளைக்கு மைதானத்துக்கு வா, பேசிக்கலாம்” என்றேன்.

பொங்கல் அன்று இந்த நகரத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் அன்று தெருவில் காவல் பணிக்கு நின்றிருப்பீர்கள். வண்டி ஓடாது. எல்லாச் சாலையிலும் செங்கல் அடுப்பும் மண்பானையும் பெண்களும்தான். என் மனைவி சுப்புலக்ஷ்மி விடியும்போதே பானையோடு போய்விட்டாள். அணியின் விடுதியில் தங்கும் பையன்கள் முந்தின நாளே ஊருக்குப் போயிருந்தார்கள். மைதானத்துக் கதவைப் பூட்டி வைத்திருந்தோம், புல் கெடக்கூடாதென்று. சாவி என்னிடம் இருந்தது.

நான் திறந்துவிட, விஜின் உள்ளே போய்த் தனியாகப் பந்தடித்துக்கொண்டிருந்தான். சாமான் அறையிலிருந்து கொடிகளை எடுத்துவரச் சொன்னேன். போனான். பின்னாலேயே போனேன். பழைய கோல் சட்டத்தின் இரும்புக் குழாய் ஒன்று அங்கே சாய்ந்து கிடந்தது. அடுப்பு மூட்டும் நேரத்துக்காகக் காத்திருந்தேன். வெளியே வெடி போட்டார்கள், செண்டை முழங்கியது, தெரு முழுவதும் பெண்கள் குரவையிட்டார்கள். அவன் கொடிகளை எடுக்கக் குனிந்தபோது வலது முழங்காலின் பின்பக்கம் அடித்தேன். விழுந்தான். அத்தோடு நிறுத்தத்தான் நினைத்திருந்தேன். ஆனால் முழங்கால் உடைந்தால் வாய் மூடாதே என்பது, விழுந்தவன் திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் தோன்றியது. இடது முழங்காலையும் அடித்தேன். இந்த முறை முன்பக்கம். சில்லு உள்ளே போய்விட்டது.

“சாரே, நான் ஆர்க்கிட்டயும் பறயமாட்டேன். அம்மச்சியாண” என்றான்.

நான் நம்பினேன். அம்மாமேல் சத்தியம் செய்துவிட்டு அவன் பொய் சொல்ல மாட்டான். ஆனால் தூக்கம் வராத பையன், சார். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு இருக்கத் தெரியாதவன். என்றைக்காவது சொல்லிவிடுவான். அவனுடைய நேர்மைதான் காரணம், என்னுடைய கோபம் இல்லை. எனக்குக் கோபமே வரவில்லை. தலையில் அடித்தேன். முதல் அடி காதில் பட்டது, காது தொங்கிவிட்டது. கையைத் தூக்கி மறைத்தான், கை உடைந்தது. பிறகு மறைக்க ஒன்றுமில்லை. மண்டையோடு இவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கண் மூடும்வரை அடித்தேன், அதற்குப் பிறகும் கொஞ்சம்.

குழாயைக் கழுவித் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தேன். பையில் கொண்டுவந்திருந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். புகை கண்ணைக் கரித்தது. கதவோரம் அடுப்பு வைத்திருந்த ஒரு நெய்யாற்றின்கரை அம்மாள், கண்ணில் நீரோடு நின்ற என்னைப் பார்த்து, நைவேத்தியம் ஆனதும் இலையில் கொஞ்சம் பாயசம் கொடுத்தாள். வெல்லம் சற்றுத் தூக்கல். முழுக்கச் சாப்பிட்டேன். பிரசாதத்தை மிச்சம் வைக்கக்கூடாது.

சாயங்காலம் எலிசாள் போன் செய்தாள். “மோன் போன் எடுக்கல்ல சாரே. வல்லதும் கழிச்சானா?” என்று கேட்டாள். “சாப்பிட்டாச்சும்மா, தூங்கறான்” என்றேன். அவளுக்கு அந்த ஒரு ராத்திரியாவது கிடைக்கட்டும் என்றுதான்.

அப்புறம் ஒன்று விட்டுப்போயிற்று. நீங்கள் அதைத்தான் இரண்டு தடவை கேட்டீர்கள்: சாமான் அறையில் அடித்திருந்தால் உடல் எப்படி மைதானத்தின் நடுவில் கிடந்தது என்று. நான் இழுத்துப்போடவில்லை. முழங்கால்கள் இரண்டும் போன பிறகு, சத்தியம் செய்துவிட்டு, அவன் முழங்கையை ஊன்றித் தவழ ஆரம்பித்தான். அறைக் கதவைத் தாண்டினான். சரளையைத் தாண்டினான். குரவைச் சத்தம் வந்த திசையைப் பார்த்துக்கொண்டு, கால்கள் பின்னால் துணிபோல இழுபட, புல்லின்மேல் பாதி மைதானம் போய்விட்டான். தலையில் அடித்தது அங்கேதான். நான் குழாயோடு பக்கத்திலேயே நடந்து போனேன். அவசரப்படவில்லை. உடனே அடித்திருக்கலாம், ஆனால் பார்க்க வேண்டும்போல இருந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், சார், இப்படி விடாமல் போகிறவனைப் பார்த்ததில்லை. அந்த இடத்தில்தான் என் மனசு லேசானது. பனியன் மாறியதாவது ஒன்றாவது. நான் சரியான ஆளைத்தான் எடுத்திருக்கிறேன். அதை மட்டும் எலிசாளிடம் யாராவது சொல்லிவிடுங்கள். அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.