தண்ணீருக்கு நடுவில் வழிவிட்ட அம்மையாருக்கு

செம்மண் சரிவெல்லாம் செருப்புத் தேய நடந்து, சீறிவந்த வெள்ளத்தின் சினம் தணித்து, ஓடை தின்ற விளைநிலங்களை ஒவ்வொரு கல்லாய் மீட்டெடுத்து, மேட்டுவிளை நீர்ப்பிடிப்புச் சங்கத்தின் களப் பொறுப்பாளராய் இருந்து இன்று பணிநிறைவு பெறும் எங்கள் நாசரேத்து ஞானபாய் அம்மையார் அவர்களின் கரங்களில், கல் சுமந்த கரங்கள் அன்போடு வைக்கும் மடல்.

மண்ணின் மனமறிந்தவரே!

தாங்கள் வருமுன் இந்தச் சரிவு எப்படிக் கிடந்தது என்பதை இன்றைக்குச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. செம்மணல் தேரி மேட்டிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீர் முதலில் கோழி கிளறியது போல் கீறும். அடுத்த மழைக்கு அந்தக் கீறல் வாய்க்காலாகும். அதற்கடுத்த மழைக்கு, விழுந்த ஆடு ஏறிவர முடியாத பள்ளமாகும். எங்கள் மண்ணெல்லாம் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் விதைத்தவர்களெல்லாம் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உப்பளத்தில் பாதிப்பேர், துறைமுகத்தில் மீதிப்பேர்.

பள்ளத்தைப் பார்த்துப் பதறிய எங்களைத் தாங்கள் மேட்டுக்கு அழைத்துப் போனீர்கள். மேடு வயிறாரக் குடித்தால் பள்ளத்துக்கு வரும் தண்ணீரின் வெறி குறையும் என்றீர்கள். சரிவின் குறுக்கே வரப்புப் போட்டு, வரப்பெல்லாம் கற்றாழை நட்டு, அதன்பிறகே ஓடைக்குள் கல் இறக்கச் சொன்னீர்கள். கொதிக்கும் வெயிலில் தங்களுக்குக் குடை பிடிக்க யாரையும் விட்டதில்லை. எங்கள் தூக்குவாளிக் கஞ்சிக்குத் தங்கள் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய் வராத நாளில்லை.

பொறுமையே உருவானவரே!

தங்கள் பெருமைகளை வரிசையாய் அடுக்கத்தான் உட்கார்ந்தோம். எதை எடுத்தாலும் பேச்சு தங்கத்தாயின் கரையில் போய் நின்றது. ஆகவே அதையே சொல்லிவிடுகிறோம்.

எங்களோடு கல் சுமக்கும் தங்கத்தாயின் விளை ஓடையின் தலைமாட்டில் இருக்கிறது. கொஞ்சம் பனை, கொஞ்சம் கடலை. அவளும் அவள் வீட்டுக்காரர் பேச்சிராஜாவும் சேர்ந்து பாடுபட்ட இடம். அதைக் காக்கத்தான் தாங்கள் அங்கே கல் தடுப்புக் கட்டினீர்கள். நடுப்பகுதியைத் தங்கள் கையாலேயே தாழ வைத்து, ஓரங்களை உயர்த்தி, திருச்சபையின் அசன விருந்துப் பண்டிகைக்காக நாசரேத்துக்குப் போனீர்கள்.

தாங்கள் போன பிறகு கல் லாரி வந்தது. எங்களில் பலர் உப்பளத்தில் பிழைத்தவர்கள். பாத்தி வரப்பு ஒரு விரல் தாழ்ந்தாலும் கணக்கப்பிள்ளை அன்றைக்கு வேலை செய்ததாகவே ஒப்புக்கொள்ளமாட்டார். மட்டம் என்பது எங்கள் கையில் ஊறிய மானம். கல் பற்றாமல்தான் அம்மா நடுவைக் குறையாய் விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

“கெழட்டுக் கழுத முதுகு கணக்கா தொங்குது. அம்மா வாரதுக்குள்ள நெரவிப் போடுவோம்ளா” என்றார் எங்களில் மூத்தவரான தளவாய் அண்ணாச்சி.

தங்கத்தாய்க்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. தன் விளையைக் காக்கும் சுவர் ஆயிற்றே. கடைசிக் கல்லை அவளே வைத்தாள். குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, கண்ணாடி போல் இருக்கிறது என்று கையால் தடவிக்கூடப் பார்த்தாள்.

அந்த வாரமே மழை கொட்டியது. மேலே தாண்ட வழியில்லாத தண்ணீர் ஓரம் தேடிப் போய்க் கரையை அறுத்தது. தடுப்பு அப்படியே நின்றது, ஒரு கல்கூட அசையாமல். தங்கத்தாயின் விளையில் பாதியும் இரண்டு பனையும் ஓடைக்குள் கிடந்தன.

பேச்சிராஜா அவளை அடிக்கவில்லை, வையவும் இல்லை. தன் கையாலேயே தன் நிலத்தை வெட்டிவிட்டாளே என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். கரை ஒரு நல்ல மழையைத் தாங்கட்டும், பிறகு வருவதைப் பார்ப்போம் என்று துறைமுகத்துச் சுமை வேலைக்குப் பேருந்து ஏறினார். அதற்குப்பின் கோயில் கொடைக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. சாயங்காலத்தில் மட்டும் போன் வரும். அங்கே கடல்மேல் மேகம் ஏறுகிறது, இங்கே எப்படி என்று கேட்பார். அவள் வெளியே வந்து வானத்தைப் பார்த்து, இங்கே ஒன்றுமில்லை என்பாள். இரண்டு பேரும் மேகத்தைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிடுவார்கள். போனை வைத்த பிறகும் அவள் கிழக்கே பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பதை, அந்த வழியாய் ஆடு ஓட்டிவரும் எங்களில் பலரும் பார்த்திருக்கிறோம்.

பிழை பொறுத்த பெருந்தகையே!

பண்டிகை முடிந்து வந்து தாங்கள் அந்தக் கரையைப் பார்த்த நாளை நாங்கள் மறப்பதற்கில்லை. எல்லாரும் தலைகவிழ்ந்து நின்றோம். தங்கத்தாய் மட்டும் வரவில்லை. வீட்டுக்குள் முகத்தை மூடிப் படுத்துக் கிடந்தாள். தாங்கள் அவள் வீட்டுக்கே போய், தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

“ஏளா தங்கம், உப்பளத்துல தண்ணி நிக்கணும், நீ செஞ்சது சரிதான். இங்கன அது போயாகணும்ளா. வாசல நடுவுல வைக்கலேன்னா சொவத்த ஒடைச்சிட்டுல்லா போவும்? இத ஒங்ககிட்ட சொல்லாமப் போனது என் தப்பு. எந்திரி, கரையக் கட்டுவோம்.”

எழுந்தாள். அறுந்த கரையைச் சரித்து, மண் கொட்டி மிதித்து, தடுப்பின் இரண்டு கைகளையும் கரைக்குள் ஆழமாய்ச் செருகி, தண்ணீர் விழும் இடத்தில் கல் பாவி, நடுவைத் தாழ விட்டுக் கட்டி முடிக்க அடுத்த கோடையாகிவிட்டது. சென்ற ஆண்டு மழையோ தூறலோடு ஏமாற்றிப் போனது. தாங்களும் கார்த்திகை முழுக்க நாசரேத்திலிருந்து வந்து வந்து அந்தக் கரையில் நின்றீர்கள். இந்த ஆண்டும் நின்றீர்கள். தண்ணீர் வராத ஓடையைத் தாங்கள் ஒருபக்கமும் தங்கத்தாய் ஒருபக்கமும் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பு எங்கள் கண்ணைவிட்டுப் போகாது. மழை பார்க்காமல் ஓய்வு பெறுகிறோமே என்று தாங்கள் ஒருநாள் சொன்னதைக் கேட்டு, ஓய்வுத் தேதியை நாலு நாள் தள்ளிவைக்க முடியாதா என்று சங்கத்தில் விசாரித்தவர்களும் எங்களில் உண்டு. முடியாதாம்.

இத்தோடு மடலை முடித்து, கீழே வாழ்த்து எழுதக் கொஞ்சம் இடம் விட்டு, சட்டம் போட உடன்குடிக் கடையில் கொடுத்திருந்தோம். இன்று காலையில் திரும்ப வாங்கி அந்த இடத்தில் இதைச் சேர்க்கிறோம். எழுத்து நெருக்கமாய் இருப்பதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா, விடியலில் தேரி மேட்டில் மழை பெய்தது. நல்ல மழை. நாங்கள் ஓடுவதற்குள் தங்கத்தாய் கரையில் நின்றாள். மேட்டு வரப்புகள் குடித்தது போக மிச்சத் தண்ணீர் சிவப்பாய் வந்து தடுப்பில் முட்டி ஏறியது. ஏற ஏற அவள் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்துக் கல் நனையவில்லை. தண்ணீர் நடுவில் குனிந்து, பாவிய கல்லில் விழுந்து, சத்தமாய்ப் போயிற்று.

அவளே பேச்சிராஜாவுக்குப் போன் போட்டாள். இன்றைக்குத்தான் முதல்முறை அவளாகப் போட்டது. மேகத்தைப் பற்றி அவர் ஆரம்பிப்பதற்குள், போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டினாள்.

“எங்கன விழுது?” என்றார்.

“நடுவுல.”

பஸ் மாறவேண்டிய சாத்தான்குளத்திலிருந்து மேட்டுவிளைக்கு இந்த மழையில் பஸ் உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள். உண்டா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. நடந்தாவது கூட்டிவரலாம் என்று அப்போதே சாத்தான்குளத்துக்குக் கிளம்பிவிட்டாள். இந்த விழாவில் முன்வரிசையில் அவள் இல்லாததைத் தாங்கள் தவறாய் எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

மண் காத்த அம்மையே! அந்தத் தண்ணீரைத் தாங்கள் பார்க்காமல் நாங்கள் மட்டும் பார்த்தது எங்களுக்கு ஆறவில்லை. முட்டுவலி தணிந்து, கண்ணொளி குன்றாமல், பேரப்பிள்ளைகள் கைபிடித்து நடக்கும் காலமெல்லாம் தாங்கள் நலமாய் இருக்கவேண்டும். ஓடை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பேச்சு முடிந்து, மாலை போட்டு, சாப்பாடு ஆனதும் காரை நாசரேத்துப் பக்கம் திருப்பாமல் ஒருதரம் மேட்டுப் பக்கம் விடச் சொல்லுங்கள், அம்மா. நாங்கள் எல்லாரும் கரையில் நிற்கிறோம்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
மேட்டுவிளை நீர்ப்பிடிப்புச் சங்கத்தின்
கல்வேலை, மண்வேலைப் பணியாளர்கள்