மாடிப்படியில் ஒற்றை வாள்

ஆரிஃபா: நாப்பது பேரையா? ஒத்த வாளை வச்சுக்கிட்டா?

ஃபயாஸ்: கதைதானே இத்தா. ஆடியோ ஆப்புல என் கதை கேக்குறவங்களுக்கு நாப்பதுன்னாத்தான் பிடிக்குது.

ஆரிஃபா: அவங்கள விடுடா தம்பி. நெசமா எத்தனை பேரச் சமாளிப்பான், உன் கதாநாயகன் இளவழுதி?

ஃபயாஸ்: நெசமான்னா... மூணு. கை தேர்ந்தவன்னா நாலு. வெட்டவெளியில அஞ்சாவது ஆளு முதுகுப் பக்கம் வந்துருவான்.

ஆரிஃபா: ம்... இன்னைக்குச் சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சதும் பெரியவாப்பாவோட சேத்து சொந்தக்காரங்க எட்டுப் பேரு வராங்க.

கற்பகம்: ஒம்பதுக்கா. வீட்டை வாங்கி ஹோம்ஸ்டே ஆக்கப்போற மலையாளிச் சேட்டனை விட்டுட்டீங்க.

ஃபயாஸ்: யாரது, ஜன்னல்ல?

ஆரிஃபா: பக்கத்து வீட்டுக் கற்பகம். தேனிக்காரி. நம்ம வீட்டுச் சேதி நமக்கு முன்னாடி அவளுக்குப் போயிரும்.

கற்பகம்: ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுல ஒரு முழம்தான் தம்பி. காதைக் கழட்டியா வைக்க முடியும்?

ஆரிஃபா: தலாக் ஆகி வந்தவளுக்கு இருக்குறது இந்த ஒரு மாடி அறை. அதைக் காலி பண்ணச் சொல்ல ஒம்பது பேரு! நீ சொல்லுடா, எழுத்தாளரே. ஒம்பதுன்னா உன் இளவழுதி என்ன செய்வான்?

ஃபயாஸ்: இத்தா... இது வாள் சண்டை இல்ல.

ஆரிஃபா: அது எனக்குத் தெரியாதா? சொல்லு.

ஃபயாஸ்: கூடத்துக்கு எறங்க மாட்டான். ஒடுக்கமான எடமாப் பாப்பான். நம்ம மரப்படி மாதிரி. மேல்படியில நின்னா அவங்க ஒவ்வொருத்தராத்தான் ஏறி வர முடியும்.

கற்பகம்: உங்க பெரியவாப்பா முதல்ல ஏறட்டும். அந்த வயித்துக்குப் பின்னாடி நிக்கிற எட்டுப் பேருக்கும் சண்டை நடக்குறதே தெரியாது.

ஆரிஃபா: சிரிக்க வைக்காதடி... அப்புறம்?

ஃபயாஸ்: முதல் ஆளை ஓங்கி வெட்டணும். மத்தவங்க தயங்குவாங்க. கூட்டமா வர்றவன் எவனுக்கும் அடுத்த வெட்டை வாங்க ஆசை இருக்காது.

ஆரிஃபா: பெரியவாப்பாகிட்டயே கேக்குறேன். வாப்பா மௌத்தாகி அடக்கம் பண்ண அன்னைக்கு, "இந்த அறை ஆரிஃபாவுக்கு"ன்னு அத்தனை பேரு முன்னாடி சொன்னீங்களே, மறந்துருச்சான்னு.

கற்பகம்: நல்ல வெட்டு! நானும் கேட்டேன்னு சொல்லுங்க... வேணாம், என் பேரை இழுக்காதீங்க.

ஆரிஃபா: சரிடா, முதுகு?

ஃபயாஸ்: என்ன?

ஆரிஃபா: மேல்படியில நிக்கிறான். பின்னாடி?

ஃபயாஸ்: சுவர் இருக்கணும். இல்லேன்னா... நம்பிக்கையான ஆளு ஒருத்தன்.

கற்பகம்: அதுக்குத்தானே தம்பி களமசேரியிலேர்ந்து லீவு போட்டு வந்திருக்காரு.

ஆரிஃபா: சாயா ஆறுதுடா.

ஃபயாஸ்: இத்தா, தனியா நின்னு என்ன கிடைக்கப் போகுது? ஆலுவாவுல ஒரு வாடகை வீடு பாத்திருக்கு... ஆத்துக்குப் பக்கம். நல்ல காத்து.

கற்பகம்: பாத்திருக்கா? யாரு பாத்தா? இது எனக்கே தெரியாதே!

ஃபயாஸ்: கீழ கார் சத்தம் கேக்குது. நான் போயி கதவைத் திறக்குறேன்.

ஆரிஃபா: போ. ஏறி வரும்போது அவங்ககூடவே ஏறி வா. வீட்டை விக்கச் சம்மதம்னு நீ கையெழுத்துப் போட்ட பேப்பரைப் பெரியவாப்பா நேத்தே கொண்டாந்து காட்டிட்டாரு. நீ வந்ததுலேர்ந்து, உன் வாயால சொல்லிருவியான்னுதான் கதை கேட்டுக்கிட்டிருக்கேன்.