மொட்டைமாடி ஏரியல்

காந்தா: ...ரேடியோப் பொட்டிக்கு எதுக்குப்பா பச்சைக் கண்ணு? உன் கடைக்கு வர்றவங்கள மொறைக்கிறதுக்கா?

தர்மன்: இல்ல அண்ணி, ஸ்டேஷன் சரியா சிக்கிச்சுன்னா அந்தக் கண்ணு மூடிக்கும்.

காந்தா: உங்க அண்ணன மாதிரின்னு சொல்லு. தறியில குந்துனா ஒடனே மூடிக்கும்.

பூவராகவன்: ஆரம்பிச்சிட்டியா? தர்மா, நீ அந்த மிலிட்டரி செட்ட காட்டுபா.

தர்மன்: இதாண்ணே. மூர் மார்க்கெட்டுல புடிச்சது. இந்த வட்டக் கண்ணாடிய பாரு... எங்கெங்க சிக்னல் வருதோ அங்கெல்லாம் கோடு எழும்பும்.

காந்தா: பாட்டு?

தர்மன்: அது வந்து... கொஞ்சம் கரகரன்னு...

காந்தா: பாடாத ரேடியோ! புடவை கேட்டா டிசைன் போட்ட கட்டத்தாள குடுக்குற மாதிரி.

பூவராகவன்: உனக்கு இன்னா தெரியும்? கப்பல்காரன் டிக்கு டிக்குன்னு அடிக்கிறது கூட இதுல தெரியும். நம்ம ஏரியலுக்கு இதான் ஈடு. பிள்ளையார்பாளையத்துலயே என் மாடி ஏரியல் மாதிரி கெடையாது.

காந்தா: அப்படி இன்னா கம்பி அது?

பூவராகவன்: ...செப்புக் கம்பி.

காந்தா: செப்பு செவப்பா இல்ல இருக்கும்? இது மஞ்சளா இருக்குதே?

தர்மன்: அது... புதுச் செப்பு, அண்ணி.

காந்தா: உன்ன கேட்டனா? ஏன்யா, நெய்யச் சொல்லி சரிகை குடுத்த முதலாளி நாளைக்கு வந்து புடவையையும் மீந்த சரிகையையும் நிறுத்துப் பாப்பாரே. ஒரு கண்டு சரிகைய காணோம். இன்னா சொல்லப்போற?

பூவராகவன்: அதான் எலி இழுத்துக்கினு பூட்ச்சுன்னு...

காந்தா: தங்க முலாம் போட்ட வெள்ளிச் சரிகைய துன்ற எலி! நல்ல வசதியான எலி போல. தறிய புடுங்கிக்கினு போனாருன்னா, அந்த எலி வந்து சோறு போடுமா?

பூவராகவன்: வுடேன்... முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்.

காந்தா: பேசு, பேசு.

தர்மன்: செட்ட பத்தி பேசலாமாண்ணே? இப்ப வூட்டு ரேடியோ எப்படி கேக்குது?

பூவராகவன்: நாலு நாளா இன்னும் தெளிவுபா! மாஸ்கோக்காரன் பக்கத்து வீட்டுலேர்ந்து பேசுறான். வெள்ளின்னா சும்மாவா...

காந்தா: செப்புன்னு சொன்னியே? சொல்லுய்யா.

பூவராகவன்: தர்மன்தான் சொன்னான்... செப்ப விட வெள்ளி சிக்னல தூக்கிக் குடுக்கும்னு.

தர்மன்: பொதுவா சொன்னேண்ணே! முதலாளி வூட்டு சரிகைய மாடியில கட்டுன்னா சொன்னேன்?

பூவராகவன்: தப்புதான் காந்தா. இப்பவே போய் எறக்கிடுறேன்...

காந்தா: எத எறக்கப் போற? போன வாரமே நான் எறக்கிட்டேன். நாலு பிரியா முறுக்கி வெச்சிருந்தத பிரிச்சு கண்டுல சுத்துறதுக்குள்ள வெரலு வீங்கிப்போச்சு. அரிசிப் பானைக்குள்ள பத்திரமா இருக்குது. நீயா வாய் தொறப்பியான்னு பாத்துக்கினு இருந்தேன். இப்ப மாடியில தொங்குறது மஞ்சா பூசுன நூலுய்யா... அதுலதான் உன் மாஸ்கோ தெளிவா வருதாம்!