மாலையைக் கழற்றிய மாண்பாளர் ரெஜிஸ் அவர்களுக்கு

“கழட்டுங்க அதை! யாரைக் கேட்டு எங்கப்பாவுக்கு மாலை போட்டீங்க?”

சென்ற ஆண்டு, சயாம் மரண ரயில் கண்காட்சியின் திறப்பு விழாவில், நாகஸ்வரத்தையும் மீறி நம் திருச்சி அருங்காட்சியகக் கூடத்தை அதிரவைத்த அந்தக் குரலுக்கு முதல் ஆளாய் ஓடியவரே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரிய காப்பாட்சியர் ரெஜிஸ் ஐயா அவர்களே! வணக்கம்!

மலாயாவுக்கு ரப்பர்ப் பால் எடுக்கப் போய், போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவத்திடம் சிக்கி, சயாம் காட்டு முகாம்களில் ரயில்பாதை போட்டு மடிந்த தமிழர்களுக்குச் சொந்த மண்ணில் ஒரு படமாவது மாட்ட வேண்டும் என்று புறப்பட்டீர்கள். முசிறி, துறையூர் என்று பஸ் மாறி பஸ் ஏறிக் கதவு கதவாய்த் தட்டினீர்கள். மண்ணச்சநல்லூரில் உங்களைக் கல்யாணத் தரகர் என்று எண்ணிப் பெண்ணின் ஜாதகத்தையே நீட்டினார்கள், அதையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “மலாயா போன தாத்தா யாராச்சும் உண்டுங்களா?” என்று கேட்ட தீரரே! பொன்மலையில் ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளர்களை அழைத்துவந்து கூடத்தின் நடுவே தண்டவாளமே பதித்த திறலோரே!

சேர்ந்த படங்களில் ஒன்று லால்குடிப் பக்கத்து அழகர்சாமியினுடையது. மலாயா போனவரைப் பற்றிப் பிறகு சேதியே இல்லை. அவர் போனபோது தாய் வயிற்றில் இருந்த மகள் வேலம்மாள், வீட்டில் இருந்த ஒரே படத்தை உங்களை நம்பித் தந்தார். மாண்டவர் படங்கள்தானே என்று விழாக் குழு எல்லாவற்றுக்கும் ஸ்ரீரங்கத்து ரோஜா மாலை சூட்டிவிட்டது. எடுக்காவிட்டால் படத்தை வீட்டுக்கே கொண்டுபோவேன் என்று நின்றார் அந்த எண்பத்தைந்து வயதுப் பெண்மணி. வாசலில் சிறப்பு விருந்தினரின் கார்! “ரிப்பன் வெட்டட்டும் பாட்டி, அப்புறம் பார்க்கலாம்” என்றார்கள் குழுவினர்.

நீங்களோ காரணம்கூடக் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி ஏணியில் ஏறினீர்கள். விருந்தினரைக் காக்கவைத்து மாலையைக் கழற்றிய பிறகுதான் கத்திரிக்கோலையே எடுத்துக் கொடுத்தீர்கள். படம் தங்கியது, கூட்டம் குவிந்தது, எங்கள் தலை நிமிர்ந்தது!

மூட்டுவலி மறந்து, மருந்துக்கடை வழி மறந்து, துணைவியார் லிசி அம்மாவோடு நூறாண்டு நீங்கள் நிறைவாய் வாழ, உங்கள் பணி ஓய்வு நாளான இன்று பணியாளர்கள் அனைவரும் ஒப்பமிட்டு வாழ்த்துகிறோம். ஆனால் மடலை எங்கள் சொல்லால் முடிக்க மனமில்லை. விருந்தினர் போனதும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் கேட்காத காரணத்தை வேலம்மாள் தாமாகவே சொன்னார்:

“எங்கம்மா சாகிற வரைக்கும் பூவும் பொட்டுமா இருந்து, சுமங்கலியாத்தான் போனாங்க தம்பி. இப்பப் போயி அவங்க பொட்டை நான் அழிக்கவா?”